கீழ்வீட்டுக் கணக்கு

பகலில் இந்தத் தடத்தில்
என் வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டர்.
கையில் ஸ்பானர், தோளில் தூறல்.
யாரோ ஒருவனின் ஞாயிற்றுக்கிழமை
முட்டி வளைத்துப்போன இரும்புத் தடுப்பை
போல்ட் போல்ட்டாகக் கழற்றி
வேறொன்றை மாட்டுகிறேன்.
ஐஃபெல் மலையில் வெயில் என்பது வதந்தி.

இரவு பத்தரைக்கு
அதே தடத்தில் நூற்றெண்பது.

சமையல் மேசையின் விளிம்பில் இறுக்கிய ஸ்டியரிங்.
பெடல் வழுக்காமல் அண்டை கொடுத்திருப்பது
வேலையிடத்திலிருந்து வந்த ஒரு பெட்டி போல்ட்;
எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.
திரைக்குள் எழுபத்தொன்றாம் வருடத்து டட்சன் 240 இசட்,
ஆரஞ்சு நிறம், நீள மூக்கு, கனமில்லாத பின்புறம்.
நேர்சாலையில் நல்ல பிள்ளை.
திருப்பத்தின் நடுவே பயந்து காலை எடுத்தால்
பின்புறம் முன்னே வந்து
என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும்.

உனக்கு வேறு வண்டியே கிடைக்கவில்லையா
என்றான் கூட வேலை செய்யும் ஃபோல்க்மார்.
கிடைக்கும்.
நான் தப்பு செய்வதற்குள் தானே திருத்திக்கொள்கிற
கெட்டிக்கார வண்டிகள் ஐம்பது கிடைக்கும்.
எட்டு மணி நேரம் பிறர் தப்பின் மிச்சத்தைப் பொறுக்குகிறவள்,
ஒன்றையாவது சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டாமா?

நரிக்குழாய் என்று பெயர் வைத்த இறக்கத்தில்
நாற்காலி அசைவதில்லை,
வயிறு மட்டும் தொண்டைக்கு வருகிறது.
அடிவாரத்தில் வண்டி நசுங்கி எழும்புகிறது.
பிரேக். இன்னும் பிரேக். இரண்டாம் கியர்.
பாலம். ஏற்றம்.
பிறகு, சுரங்கம் எனப்படும் அந்த வலது திருப்பம்.

அங்கே மூன்றாவது தூண் இன்னும் சாய்ந்திருக்கிறது.
நானே பிடுங்கி எறிந்த தூண்.
லேசர் வைத்து எவரோ அளந்துபோன நாளில் சாய்ந்திருந்தது,
ஆகவே திரைக்குள் அது
என்றைக்கும் சாய்ந்தே நிற்கும்.
நேற்று அதைப் பார்த்தேன்.
பார்க்கக் கூடாது.
கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரமும் போகும்.

மூக்கு முழுதும் உள்ளே போயிற்று.
தடுப்பு வளையவில்லை.
ஒரு போல்ட் அசையவில்லை.
சைரன் இல்லை, எண்ணெய் வாடை இல்லை,
கண்ணாடித் தூளைக் கூட்டிப்பெருக்க
என்னைப்போல் ஒருத்தி வரவில்லை.
ஒரு பொத்தானில் வண்டி புதுசாகிவிடும்; அழுத்தவில்லை.
ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.
ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காலை ஐந்தே முக்காலுக்கு ரொட்டிக்கடை.
அடுப்பில் நிற்பவள் நூர்குல்,
என் தரைதான் அவளுக்குக் கூரை.
இரண்டு மணிக்கு எழ வேண்டியவளின் தலைக்கு மேல்
தினமும் என் பிரேக் பெடல்.
சண்டைக்கு வருவாள் என்று
மன்னிப்பை நாக்கிலேயே வைத்திருந்தேன்.

"நேற்று பாதியில் நிறுத்திவிட்டாயே" என்றாள்.
"பெரிய தட், பக்கத்திலேயே இரண்டு குட்டித் தட்,
அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து ஒன்று.
அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. என்ன ஆச்சு?"

மோதிவிட்டேன் என்றேன்.

"அடியா?"

இல்லை.

பையில் ஆறு ரொட்டிகளை எண்ணிப் போட்டாள்.
"கடைசியில் தட் இல்லாத ஒரு முழு நிமிடம் வரும், தெரியுமா?
அதில்தான் நான் தூங்குவது.
நேற்று அது வரவேயில்லை."

அவள் தடத்தைப் பார்த்ததே இல்லையாம்.
கடையிலிருந்து அது இரண்டு கிலோமீட்டர்.

இன்று நரிக்குழாயில் சீக்கிரமே பிரேக் பிடித்தேன்.
சுரங்கத்தில் தூணைப் பார்க்கவில்லை,
திருப்பத்தின் மறுமுனையை மட்டும் பார்த்தேன்.
காங்கிரீட் ராட்டினத்தில் பல் கிடுகிடுத்தது.
கடைசி வளைவு முடிந்து மேட்டுச்சாலை விரிந்தபோது
டாப் கியர் போட்டு
மிதியைத் தரைவரை அழுத்தி
காலை அப்படியே வைத்துக்கொண்டேன்.
கணுக்கால் வலித்தது. அசைக்கவில்லை.

ஒன்பது நிமிடம் இருபத்தாறு நொடி.
மட்டமான நேரம்.
கோட்டைத் தாண்டிய பிறகும்
நிறுத்துவதற்கு பிரேக் தொடாமல்
வண்டியைத் தானாக ஓய விட்டேன்.